மரப்பக்கத்துக் கோல்

எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிய வருஷம் அது. எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து எனக்கு ஒரு தீபாவளிதான் கடந்திருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் தெருதான் பாவு நீட்டுகிற இடமும். சேலைக்கான நீளவாட்டு இழைகள் மொத்தத்தையும் பாவு என்போம். விடியலில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துக் காயவைத்துச் சுருட்டினால்தான் தறிக்குப் போகும். ஒரு வீட்டுப் பாவு தெருவில் நின்றால் மற்றவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

இந்த வேலையை ஒரு வீட்டு ஆட்கள் மட்டும் செய்ய முடியாது. இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர், நடுவில் இரண்டு பக்கமும் ஆட்கள் வேண்டும். இதற்குக் கூலி கிடையாது, யாரும் யாரையும் கூப்பிடுவதும் கிடையாது. நாளைக்கு இன்னார் வீட்டுப் பாவு என்று காதில் விழுந்தால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் போய் நிற்போம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுப் பாவை இனி பிடிப்பதில்லை என்று தெரு முடிவு செய்துவிட்டால் அந்த வீட்டில் தறி ஓடாது. குடும்பத்தோடு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அந்த வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த நிலைமை வந்தது.

பள்ளம் மூடும் வரைக்கும் முசரவாக்கம் போகிற பக்கம் இருந்த மேய்ச்சல் தரையில் பாவு நீட்டுவது என்று பெரியவர்கள் பேசி வைத்தார்கள். அங்கே காடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, வயலும் இல்லை. முழங்கால் உயரத்துக்குப் புல், அதில் தள்ளித் தள்ளி நிற்கிற மரங்கள். வெள்வேல், வேம்பு, ஒன்றிரண்டு பனை, நடுவில் ஒரு கிழ இலுப்பை. ஒரு பக்கம் முளை அடித்து, மறு பக்கம் மரத்தில் கயிறு கட்டினால் பாவு தாராளமாக நிற்கும். எல்லோருக்கும் இலுப்பை மரம்தான் வேண்டியிருந்தது. அதன் நிழல் அகலம். வெயில் சட்டென்று விழாமல் கஞ்சி நிதானமாகக் காயும்.

புது மருமகளான எனக்குக் கஞ்சிச் சட்டியோடு மரப்பக்கம் நிற்கிற வேலை. முன்னால் தெரு ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சம். யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் கூடச் சட்டி கையில் ஆடும். அதனால் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து நிற்பேன். கண்ணுக்கு நேராக இருந்தது மரப்பட்டை. பட்டையில் இருந்தது எறும்பு. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் எறும்பைப் பார்த்தேன்.

அதுவரை எனக்கு எறும்பு என்றால் எறும்புதான். அந்த மரத்தில் அப்படி இல்லை. வேர்ப்பக்கம் மண்ணில் பெரிய கட்டெறும்பு. அது அடிமரத்தில் இடுப்பளவு ஏறும், அதற்கு மேல் ஏறாது. அதற்கும் கீழே வேர் இடுக்கில் சின்னச் செவ்வெறும்பு, அது வேரை விட்டு மேலே வராது. பட்டையின் ஆழமான வெடிப்புகளுக்குள்ளே, நடக்கும்போது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகிற சின்ன எறும்பு ஒன்று. அதற்கு என்ன பேர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பட்டுப்போன கிளை ஒன்றில் வண்டு துளைத்த ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டைகளிலிருந்து ஒல்லியாக, இடுப்பு ஒடுங்கிய எறும்பு தனித்தனியாக வரும், தனித்தனியாகப் போகும், வரிசை கட்டாது. பிள்ளையார் எறும்பு எங்கே வேண்டுமானாலும் ஓடும், யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். உச்சியில் இலை அடர்ந்த இடத்தில் முசுறு. இலைகளை இழுத்துச் சேர்த்து வெள்ளை நூலால் தைத்துக் கூடு கட்டியிருக்கும்.

சில நாள் எங்களுக்கு இலுப்பை கிடைக்காது. இளம் வெள்வேல் ஒன்றில் கட்டுவோம். நேராக வளர்ந்த கன்று மரம். வெடிப்பு இல்லை, பொந்து இல்லை, உலர்ந்த கிளை இல்லை, பக்கத்து மரத்தை எட்டித் தொடுகிற கொப்பும் இல்லை. அதில் ஒரே ஒரு வகை எறும்புதான் இருக்கும், ஆனால் மரம் முழுக்க அதுவாகவே இருக்கும். அடியில் சின்னச் செவ்வெறும்பு, நடுவிலும் செவ்வெறும்பு, நுனியிலும் செவ்வெறும்பு. கிழ மரத்தில் ஆளுக்கொரு இடம் இருந்தது. கன்று மரத்தில் யார் முதலில் வந்தார்களோ அவர்களே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. யார் கேட்கப் போகிறார்கள்?

மரப்பக்கத்துக் கோலைப் பிடிப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், ஆனால் மூன்று தலைமுறையாக இந்தத் தெரு. பாவின் நுனி மொத்தமும் ஒரு மூங்கில் கோலில் மாட்டியிருக்கும். கோல் துளி சாய்ந்தாலும் ஒரு பக்க இழை தொய்யும், மறு பக்கம் விண்ணென்று நிற்கும். அவர் பிடித்தால் சாயாது. அதனால் எந்த வீட்டுப் பாவு ஆனாலும் அந்த இடம் அவருக்குத்தான். அவர் சும்மா நிற்க மாட்டார், ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். ஒருநாள் முசுறுக் கூட்டைத் தலையால் காட்டி என்னிடம், "அத பாருமா, பாவு இல்ல, தறி இல்ல, நெய்ஞ்சுக்கினே இருக்குது. அதுக்கு மொதலாளி யாருன்னுதான் தெர்ல" என்றார். சிரிப்பு வந்தது. சட்டியை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன்.

ஆனால் முசுறு கடிக்கும். கிளை தாழ்ந்து இருந்ததால் கீழே நிற்பவர்கள் கழுத்தில் விழும். பாவைப் பிடித்திருக்கிற கையை எடுத்துத் தட்டவும் முடியாது. ஒருநாள் என் மாமனாருக்குக் காதுக்குப் பின்னால் கடித்துவிட்டது. கை உதறியதில் இழைகள் கலைந்து, அதைச் சீர் செய்வதற்குள் கஞ்சி பாதி காய்ந்து போனது. மாமனார் கோபக்காரர் என்று சொல்ல முடியாது. வேலை கெட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். மறுநாள் அரிவாளும் ஆளுமாகப் போய், இலுப்பையின் தாழ்ந்த கிளைகளை எல்லாம் வெட்டச் சொன்னார். வெட்டுகிறவனுக்கு வேகம் வந்து மேல் கிளைகளையும் சேர்த்துக் கழித்துவிட்டான். கயிறு வழுக்காமல் ஒட்டி நிற்க வேண்டும் என்று அடிமரத்துப் பட்டையையும் சுற்றிச் செதுக்கினார்கள். பட்டுப்போன அந்தக் கிளையும் போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சத்தம் போட்டார். தன் முறை வரும்போது நிழலுக்கு எங்கே போவது என்று கேட்டார். மாமனார், "உன் பாவு காயறதுக்கு நான் மரம் வளக்கலபா" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எறும்பு கடிச்சா மரத்த வெட்றீங்க. நாளைக்கு நான் எதுனா சொல்லிட்டா என்னையும் வெட்டுவீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார். இந்த வார்த்தையைத் தெருவில் நிறைய பேர் கேட்டார்கள். பிறகு அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

மரம் மொட்டையானதில் மாமனாருக்கு ஒரு வசதி கிடைத்தது. கிளை வெட்டிய அடிக்கட்டை ஒன்று முளை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பாவு தறிக்கு ஏறியதும் காலியாகிற மூங்கில் கோலை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், கஞ்சி பட்ட கயிற்றோடு அந்தக் கட்டையில் செருகிவிட்டு வர ஆரம்பித்தார். மேய்க்கிறவர்கள் யாரும் அதைத் தொட மாட்டார்கள். அது யாருடைய கோல் என்று அவர்களுக்கும் தெரியும்.

அடுத்து வந்தது ஒரு கல்யாணக் கூரைச் சேலைக்கான பாவு. அரக்கு நிறம். முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது, முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்து வந்து கேட்டுப் போய்க்கொண்டிருந்தான். சண்டைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வருவாரோ மாட்டாரோ என்று நாங்கள் நினைத்திருந்தோம். விடியலில் துண்டோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்று கோலைப் பிடித்தார். நான் எப்போதும் போலக் கஞ்சிச் சட்டியோடு அவர் பக்கத்தில் நின்றேன். பாவு நன்றாகக் காய்ந்தது. கோலோடு சேர்த்துச் சுருட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, தறி இருக்கிற அறையில் உத்திரத்தில் தொங்கவிட்டோம்.

மறுநாள் விட்டு அடுத்த நாள் மாமனார் சுருளைப் பிரித்தார். கோல் பக்கம் வந்ததும் அவர் கை நின்றது. கோலை ஒட்டி, ஒரு கைப்பிடி அகலத்துக்கு, இழைகள் அறுந்து தொங்கின. அவர் ஒரு இழையை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். இழுபட்டு அறுந்த பட்டு நுனியில் பஞ்சு மாதிரி பிரிந்திருக்கும். இது பிரியவில்லை. குட்டையாக, ஒரே மட்டமாக இருந்தது.

"இது அறுந்தது இல்ல. நறுக்கனது" என்றார்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கோலைப் பிடித்திருந்தவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாமனார் அன்று முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்து, அறுந்த இழை ஒவ்வொன்றையும் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் செய்தி கேட்டு ஓடி வந்தார், வாசலிலேயே துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார், பிணைக்க உட்காரப் போகிறவர் மாதிரி. மாமனார் திரும்பவில்லை.

"பிளேடு புதுசாபா?" என்று கேட்டார்.

அவருக்கு முதலில் புரியவில்லை. எந்த பிளேடு என்று கேட்டார். மாமனார் அடுத்த இழையை எடுத்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. துண்டு அவர் கையிலேயே இருந்தது. "தேவுடா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தறிச் சத்தம் அன்று கேட்கவே இல்லை.

அது எங்கள் வீட்டோடு முடிந்திருந்தால் ஆறிப்போயிருக்கும். எதிர் வீட்டுக்காரர் அந்த வாரமே பாவு நீட்டினார். எங்கள் கோலைத்தான் வாங்கிக்கொண்டு போனார், மரமும் அதே இலுப்பை. பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே போய் அதே இடத்தில் நின்றார். தன் மேல் குற்றம் இல்லை என்று காட்டத்தான் அப்படி நின்றார் என்று நினைக்கிறேன். சட்டையைக் கூடக் கழற்றிப் புல் மேல் போட்டுவிட்டு, வெறும் வேட்டியோடு நின்றார், பாருங்கள் என்பது போல. அந்தப் பாவும் கோலை ஒட்டி நறுக்கப்பட்டிருந்தது.

அதற்குப் பிறகு பேச எதுவும் இல்லை என்று தெரு நினைத்தது. இரண்டு பாவிலும் கெட்டது மரப்பக்கம். இரண்டிலும் கோல் அவர் கையில். மரத்தை வெட்டியபோது அவர் சொன்ன வார்த்தை எல்லோருக்கும் நினைவிருந்தது. அமாவாசைக்கு யாரும் தறியில் இறங்க மாட்டார்கள், ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்குப் பிள்ளையார் கோயில் எதிரில் கூடி முடிவெடுப்பது என்று ஆயிற்று. என்ன முடிவு என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். அவருடைய வீட்டில் சாயம் போட்டுக் காயவைத்த பட்டு, பாவாக நிற்க ஆளில்லாமல் கொடியில் கிடந்தது. அவருடைய மைத்துனர் ஆரணியிலிருந்து வந்து போனார். சாமான் ஏற்ற வண்டி விசாரிக்கிறார்கள் என்று கிணற்றடியில் பேச்சு.

அவர் மனைவி கிணற்றடியில் மற்ற பெண்கள் போன பிறகுதான் வருவார். ஒருநாள் நான் மட்டும் இருந்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றார்.

"நீ பக்கத்துலயே நின்னியேமா. அவர் கைல பிளேடு பாத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"தல ஆட்டனா போதாது. வாயத் தொறந்து சொல்லு."

என்னால் முடியவில்லை. அவர் தண்ணீர் இறைக்காமல் வெறும் குடத்தோடு திரும்பிப் போனார். நான் பார்க்கவில்லை என்பதால் மட்டும் என்ன ஆகும் என்றும் எனக்குள் ஒரு பேச்சு ஓடியது. நான்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அவர் கையைப் பார்க்கவில்லையே என்று தெரு கேட்கும். அது உண்மையும்கூட.

அமாவாசைக்கு முந்தின நாள் தறி அறையைப் பெருக்கினேன். எதிர் வீட்டிலிருந்து திரும்பி வந்த கோலை மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் கீழே பெருக்கும்போது துடைப்பத்தில் சிவப்பாக எதுவோ வந்தது. மிளகாய் விதைத் தூள் மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். எறும்பு, செத்தது கொஞ்சம், உயிரோடு கொஞ்சம். எங்கள் வீட்டில் எறும்பு இல்லாமல் இல்லை. ஆனால் சமையல் கட்டிலும் தறிக்குழியிலும் நான் தினமும் பார்ப்பது கறுப்புப் பிள்ளையார் எறும்புதான். செவ்வெறும்பை அந்த வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை.

கோலின் திறந்த வாயிலிருந்து இன்னொன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பியது. கன்று வெள்வேல் மரம் நினைவுக்கு வந்தது.

அன்று மத்தியானம் எங்கள் தெருப் பெண்கள் சிலர் வெட்டிப் போட்ட இலுப்பைக் கிளைகளை விறகுக்குக் கட்டிக்கொண்டு வரப் போனார்கள். நானும் வருகிறேன் என்றேன். நானாக வாய் திறந்து கேட்டதில் அவர்களுக்கே ஆச்சரியம். மற்றவர்கள் விறகு பொறுக்கும்போது நான் மரத்தடியில் போய் நின்றேன். முசுறுக் கூடுகள் காய்ந்த இலைச் சருகாகக் கீழே கிடந்தன. வெடிப்புப் பட்டை இருந்த இடம் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. பின்பக்கத்தைத் தூக்கி நடக்கிற எறும்பு ஒன்றுகூட இல்லை. ஓட்டைக் கிளையில் இருந்த ஒல்லி எறும்பும் இல்லை. வேரடியில் கட்டெறும்பு இருந்த இடத்தில் பொலபொலவென்று புது மண், அதிலிருந்து செவ்வெறும்பு ஒரு விரல் அகல வரிசையாக அடிமரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மாமனார் கோல் செருகுகிற கட்டை வரைக்கும் அந்த வரிசை போனது. கஞ்சி ஒழுகிக் காய்ந்திருந்த இடம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. கிழ மரம், அந்தக் கன்று மரம் போலவே ஆகிவிட்டிருந்தது.

பக்கத்தில் இருந்த வேம்பைப் போய்ப் பார்த்தேன். அதை யாரும் தொடவில்லை. அதில் பொந்து, வெடிப்பு, காய்ந்த கிளை எல்லாம் இருந்தன, எறும்பும் பழையபடி வகைக்கொரு இடமாக இருந்தது. செவ்வெறும்பும் இருந்தது. அது வேரடியோடு நின்றுவிட்டது, மேலே ஏறவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணவரிடம் சொன்னேன். அவர் நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்டின்னா மரத்த வெட்னதுதான் தப்புன்னு ஆவுது" என்றார். ஆமாம் என்றேன். "வெட்னது எங்கப்பா" என்றார். பாயை உதறிப் படுத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து பேசிக்கூட நான் பார்த்ததில்லை.

விடிந்தது. தறிச் சத்தம் எதுவும் இல்லாத தெரு எனக்கு எப்போதும் பயமாக இருக்கும், அன்று இன்னும் அதிகம். மாமனார் குளித்து, நீறு பூசி, சலவை வேட்டி கட்டி, கூட்டத்துக்குக் கிளம்பத் தயாராகக் காப்பிக்கு உட்கார்ந்தார். நான் அவருக்கு முன்னால் டம்ளரை வைத்தேன். பிறகு தறி அறைக்குப் போய் ஒரு கையில் கோலையும் ஒரு கையில் முறத்தையும் எடுத்து வந்தேன். எடுத்து வரும்போது என்ன சொல்வது என்று எதுவும் மனதில் இல்லை. முறத்தை அவர் எதிரில் தரையில் வைத்தேன். கோலின் வாயை அதன் மேல் கவிழ்த்து, உட்கார்ந்து, உள்ளங்கையால் தட்டினேன்.

முதலில் எதுவும் விழவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். மூங்கிலின் பொந்துக்குள்ளிருந்து சிவப்பு, கொத்தாக விழுந்தது. அவற்றின் நடுவே வெள்ளையாக முட்டைகள். எறும்புகள் முட்டையை வாயில் தூக்கிக்கொண்டு முறத்தில் நாலாபக்கமும் ஓடின. காய்ந்த கஞ்சித் துணுக்கும், அரக்கு நிறத்தில் பொடிப் பொடியாக நூலும் கூடவே விழுந்தன.

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாமா இது?"

"நம்ம வீட்டு எறும்பு இல்ல மாமா. மரத்து எறும்பு."

அவர் முறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நூல் துணுக்கை எடுத்து நகத்தின் மேல் வைத்தார். இத்தனை நாள் இந்த எறும்பு எங்கே போயிருந்தது என்று கேட்டார். கேள்வி கோபமாக வரவில்லை. இப்போது நிறுத்தினால் பிறகு எப்போதும் பேச முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"மரத்துல மேல ஒருத்தர், நடுவுல ஒருத்தர்னு இருந்தாங்க மாமா. கிளை போனதும் மேல இருந்தவங்க போய்ட்டாங்க. கீழ இருந்தவங்க ஏறிட்டாங்க. கோல் அங்கயே இருந்துது."

மாமனார் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். கோலின் வாயில் ஒரு துணியைத் திணித்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதைக் காட்டப் போகிறாரா, எங்காவது எறிந்துவிடப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர் செருப்பு கூடப் போடாமல் பின்னாலேயே போனார்.

கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு முருங்கை மரம் இருந்தது, அங்கே போய் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மனைவி எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

யாரோ நீளமாகப் பேசினார்கள். ஒற்றுமை, தொழில் தர்மம் என்றெல்லாம் காதில் விழுந்தது. பிறகு மாமனாரின் குரல், "பிளேடு இல்லபா. எறும்பு" என்றது. கொஞ்சம் பேர் சிரித்தார்கள். கோலைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சிரிப்பு அடங்கியது. எதிர் வீட்டுக்காரர், தெருவில் நீட்டினபோதெல்லாம் வராத எறும்பு இப்போது மட்டும் ஏன் வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டுக்காரர் மனைவி முருங்கைக் கிளையைப் பிடித்திருந்தார்.

"மரத்த நான் மொட்டை அடிச்சேன்ல" என்றார் மாமனார். "மேல இருந்தவன் போய்ட்டான். கீழ இருந்தவன் ஏறிட்டான். கோல அங்கயே உட்டு வெச்சதும் நாந்தான். அவன் மேல தப்பு இல்ல."

நான் சொன்னதை அவர் தானே கண்டுபிடித்தது மாதிரிச் சொன்னார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் பேர் அந்தக் கூட்டத்தில் வந்திருந்தால் நான் ஒரு வாரம் வெளியே தலை காட்டியிருக்க மாட்டேன்.

கூட்டம் கலைந்தது. யாரும் முடிவு எதையும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அதே இடத்தில் நின்றிருந்ததாகக் கணவர் பிறகு சொன்னார். இத்தனை நாள் அவரைக் குற்றம் சொன்னவர்கள் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்களாம். அவர் மனைவி முருங்கைக் கிளையை விட்டார். என் பக்கம் திரும்பி, "நீ சொன்னியா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன். வாயால்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. கொடியில் கிடந்த பட்டு இரண்டு நாளில் பாவாக நின்றது, தெரு முழுக்க வந்து பிடித்தது. அந்த வேம்பு மரத்தில்தான் கட்டினார்கள். மாமனாரும் போனார். மரப்பக்கத்துக் கோலை அவர் பிடிக்கப் போக, பக்கத்து வீட்டுக்காரர் மரியாதையாகவே அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சிச் சட்டியைக் காட்டினார். தெருவுக்கே மூத்த நெசவாளி, அன்று மருமகள் நிற்கிற இடத்தில் சட்டியோடு நின்றார். கோலை மட்டும் யாரும் மரத்தில் விட்டுவிட்டு வரவில்லை.

இலுப்பை அடுத்த மழைக்குத் துளிர்த்தது. குழாய்ப் பள்ளம் மூடி, பாவு தெருவுக்கே திரும்பிய பிறகும், விறகுக்கோ கீரைக்கோ அந்தப் பக்கம் போனால் நான் மரத்தடியில் கொஞ்சம் நிற்பேன். பட்டை மெதுவாக மூடி, தழும்பில் வெடிப்பு விழுந்தது. வெடிப்பு விழுந்த பிறகுதான் பின்பக்கத்தைத் தூக்கி நடக்கிற எறும்பு வந்தது. புதுக் கிளைகள் நீண்டு வேம்பைத் தொட்ட வருஷம் உச்சியில் முசுறு இலை தைத்திருந்தது. ஓட்டைக் கிளையில் இருந்த ஒல்லி எறும்பை மட்டும் அப்புறம் அதில் நான் பார்க்கவில்லை. அதற்கு மரம் இன்னும் வயதாகி, ஒரு கிளையாவது பட்டுப்போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரும் அதற்குப் பிறகு எங்கள் பாவுக்குத் தானாக வந்ததில்லை. மற்ற எல்லா வீட்டுக்கும் காதில் விழுந்த உடனே போவார். எங்கள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். மாமனார் என் கணவரை அனுப்பவில்லை. பாவு நிற்கிற ஒவ்வொரு விடியலிலும் அவரே எழுந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போவார். "நம்ம வீட்ல பாவுபா" என்பார். உள்ளேயிருந்து "வரேண்ணா" என்று குரல் வரும். அந்தத் துண்டு எப்போதும் வாசல் ஆணியிலேயே தொங்கும், கை நீட்டினால் போதும். ஆனாலும் அவர் உள்ளே போய் எதையோ தேடிவிட்டு வர நேரமாகும். மாமனார் அது வரைக்கும் அங்கேயே நிற்பார். உடம்பு முடியாமல் படுக்கும் வரை அப்படி நின்றார்.